ஊன்றிய கால்

(நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பள்ளியில் நடந்த கோடைக்கால டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக்கலை வகுப்பின் நிறைவு நாளில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். எதிரே வெள்ளை உடுப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதல் வணக்கம். கடையை, வயலை, அலுவலகத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் அம்மா அப்பாக்களுக்கு அடுத்த வணக்கம்.

நான் மாஸ்டர் கிடையாது. கருப்புப் பட்டையின் முதல் படியான முதல் டான் வாங்கியிருக்கிறேன், அதற்கு மேல் தேர்வு எழுதவில்லை. தொழிலால் பிசியோதெரபிஸ்ட். தினமும் முட்டுவலி, இடுப்புவலி என்று வருகிறவர்களோடுதான் என் பொழுது போகிறது. அதனால் இன்றைக்கு ஒரு மாணவியாக என்னிடம் இருப்பதைத்தான் பேச முடியும். என்னிடம் இருப்பது ஒரே ஒரு விஷயம். அது உதைக்கிற காலைப் பற்றியது இல்லை, தரையில் நிற்கிற காலைப் பற்றியது.

1995-ல் நான் எட்டாம் வகுப்பு. பள்ளி விட்டதும் நாலரை மணிக்கு கலையரங்கத்தின் சிமெண்ட் தரையில் வகுப்பு. முதல் நாள் முப்பத்தொரு பேர், அதில் பெண்பிள்ளைகள் ஆறு. அடுத்த ஜூன் மழை தொடங்கும்போது மொத்தமே ஒன்பது பேர்தான் மிச்சம். ஏன் போனார்கள் என்றால், வந்தவர்கள் எல்லாரும் பறந்து உதைக்க வந்தவர்கள். மாஸ்டர் முதலில் கற்றுக்கொடுத்தது நிற்பதற்கு. ஜுச்சும் சொகி என்று பெயர். குதிரைமேல் உட்கார்ந்தமாதிரி இரண்டு காலையும் அகட்டி, முட்டை மடக்கி நிற்க வேண்டும். தொடை நடுங்கும். அப்படியே நின்றுகொண்டு குத்து விட வேண்டும், கொரிய மொழியில் எண்ண வேண்டும். ஹானா, தூல், செத், நெத், தாசொத். வீட்டில் தேங்காய் வெட்டு அன்றைக்கு நான் அதே எண்ணிக்கையில் தேங்காயைக் குவிக்க, என் தம்பியும் சேர்ந்து எண்ணினான். பத்துக்கு மேல் எங்கள் இருவருக்கும் தெரியாது. யொல் வந்ததும் மறுபடி ஹானாவுக்குப் போவோம்.

அப்புறம் ஒருநாள் தொல்லியோ சாகி வந்தது. பக்கவாட்டில் சுழற்றி அடிக்கிற உதை. போட்டியில் நீங்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான். முட்டை மடக்கித் தூக்கி, இடுப்பைத் திருப்பி, கடைசியில் காலை நீட்டிப் புறங்காலால் அடிப்பது. எங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இடுப்பு உயரம், நெஞ்சு உயரம் என்று தூக்கித் தூக்கி வீசினோம். மாஸ்டர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரும்பலகைக்குக் கீழே கிடந்த சாக்பீஸ் துண்டுகளைப் பொடித்து, ஒவ்வொருவரின் இடது முன்பாதத்திலும் குதிகாலிலும் தேய்த்துவிட்டார். ‘இப்போ அடி’ என்றார். அடித்தோம். ‘கீழே பாருங்க’ என்றார்.

என் காலடியில் ஒரு முழுப் பாதத்தின் அச்சு அப்படியே வெள்ளையாகப் பதிந்திருந்தது. கால் அசையவே இல்லை என்று அர்த்தம். பக்கத்தில் நின்ற பத்தாம் வகுப்பு அக்காவின் காலடியில் கட்டைவிரலுக்குக் கீழே இருந்த இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாக ஒரு தேய்ப்பு, அதிலிருந்து குதிகால் போன பாதையில் விசிறி மாதிரி ஒரு மெல்லிய கோடு. அவ்வளவுதான். அவருடைய உதை என் உதையைவிட உயரம் குறைவு. ஆனால் உதையை வாங்கும் பேட் மெத்தையைப் பிடித்திருந்தவன் ஒரு அடி பின்னால் போனான்.

அதன் காரணத்தை இன்றைக்கு என் தொழில்மொழியில் சொல்கிறேன். நிற்கிற காலின் குதிகால் எதிரியின் பக்கம் திரும்பினால்தான் இடுப்பு திறக்கும். இடுப்பு திறந்தால்தான் உடம்பின் மொத்தக் கனமும் உதைக்குள் போகும். குதிகால் திரும்பாமல் தரையில் ஒட்டிக்கொண்டு, மேலே இடுப்பு மட்டும் சுழன்றால், நடுவில் இருக்கும் முட்டுதான் முறுக்கை வாங்கும். முட்டு என்பது கதவுக் கீல் மாதிரி, மடக்கி நீட்ட ஏற்பட்டது. முறுக்கினால் உள்ளே இருக்கும் தசைநார்தான் பிய்யும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். பதினாறு வயதில், பச்சைப் பட்டை முடிந்து நீலம் கட்டிய திமிரில், சங்குத்துறைக் கடற்கரையில் தோழிகளுக்கு முன்னால் ஒரு தொல்லியோ சாகி அடித்துக் காட்டினேன். ஈர மணலில் கால் நாலு விரற்கடை புதைந்திருந்தது. புதைந்த கால் எப்படித் திரும்பும்? ‘டப்’ என்று ஒரு சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. அன்றைக்கு ராத்திரிக்குள் முட்டு தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. நாலு மாதம் பயிற்சி கிடையாது. கடற்கரையில் பயிற்சி செய்யும் படங்கள் பார்க்க அழகாக இருக்கும். ஓடுங்கள், குதிரை நிலையில் நில்லுங்கள், குத்து விடுங்கள், எல்லாம் நல்லது. சுழற்சி உதை மட்டும் மணலில் வேண்டாம். நம் மாவட்டத்தில் கடற்கரைக்குப் பஞ்சமில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த நாலு மாதமும் மாஸ்டர் என்னை வீட்டில் இருக்க விடவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து எண்ணச் சொன்னார். நான் ஹானா, தூல் என்று எண்ண, மற்றவர்கள் அடிப்பார்கள். கீழே உட்கார்ந்திருப்பவளுக்குக் கண்ணுக்கு நேரே தெரிவது கால்கள்தான். யார் குதிகால் திரும்புகிறது, யாருடையது பாதியில் நிற்கிறது, யார் உதைத்துவிட்டுக் காலைக் கீழே போட்டுவிடுகிறார்கள், யார் மடக்கித் திரும்பக் கொண்டுவருகிறார்கள் என்று நூறு நாளைக்கு மேல் பார்த்தேன். இன்றைக்கு ஒருவர் என் அறைக்குள் நடந்து வரும்போதே எந்த முட்டு என்று சொல்லிவிடுவேன் என்றால், அந்தக் கண் அங்கே கிடைத்தது.

என் பாட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளவயதில் கல்குளம் பக்கம் ஒரு ஆசானிடம் அடிமுறை என்ற நம் பக்கத்துப் பழைய தற்காப்புக்கலை படித்தவர். இந்த மாவட்டத்தில் பல குடும்பங்களில் இப்படி ஒரு பாட்டா இருந்திருப்பார். களரியில் சுவடு வைத்தவர், கொஞ்சம் வர்மம் தெரிந்தவர், கை பிசகினால் எண்ணெய் போட்டுத் தடவுகிறவர். நான் கொரியக்காரன் வித்தை படிக்கிறேன் என்று கோபப்படுவார் என்று பயந்திருந்தேன். ஒருநாள் முற்றத்தில் நான் உதைத்துப் பழகுவதைப் படிப்புரையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே பார்த்தார். கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்: ‘மக்களே, தூக்குன காலு இருக்கட்டு. ஊணுன காலு எங்க?’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாக்பீஸ் தேய்த்தவர் கேட்டதும் இதே கேள்விதானே.

அடிமுறையில் காலடி வைக்கும் வரிசையைச் சுவடு என்கிறோம். ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு என்று அதில் வகைகள் உண்டு. கால் தரையில் விட்டுப்போகும் தடத்துக்குத்தானே தமிழில் சுவடு என்று பெயர்? வித்தைக்கே அதைப் பெயராக வைத்திருக்கிறார்கள். டேக்வாண்டோவில் அந்த இடத்தில் பூம்சே, அடியையும் தடுப்பையும் வரிசையாகக் கோர்த்துச் செய்வது. தேகுக் என்ற வரிசையில் எட்டு பூம்சே இருக்கிறது. முதலாவது இல் ஜாங். பதினெட்டு அசைவு, தரையில் மூன்று கோடு. வானத்தைக் குறிக்கிற மூன்று முறியாத கோடுகள் அவை. அதற்கு அடுத்தடுத்து வரும் பூம்சேக்கள் குறிப்பது ஏரி, நெருப்பு, இடி, காற்று, நீர், மலை, எட்டாவது நிலம். எதைச் செய்தாலும் தொடங்கின இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். ஒரு சாண் விலகி முடித்தாலும், நடுவில் எங்கோ காலடி தப்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். யாரும் சொல்ல வேண்டாம், தரையே சொல்லும்.

பாட்டாவின் வயதைவிட டேக்வாண்டோ என்ற பெயரின் வயது குறைவு. ‘தே’ என்றால் காலால் உதைப்பது, ‘க்வொன்’ என்றால் கைமுட்டி, ‘தோ’ என்றால் வழி. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. அது முடிந்த காலத்தில் சியோல் நகரத்தில் பல பயிற்சிக்கூடங்கள் முளைத்தன. அவற்றைத் தொடங்கியவர்களில் பலர் ஜப்பானியக் கராத்தே படித்தவர்கள். அதையும் தங்கள் பழைய கால்வித்தையின் நினைவையும் சேர்த்து ஒன்றாக்கி, 1955-ல் இந்தப் பெயரை வைத்தார்கள். 1972-ல் குக்கிவோன் என்ற தலைமையகம், 1973-ல் உலகக் கூட்டமைப்பும் முதல் உலகப் போட்டியும், 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டு. ஐம்பது வருடத்துக்குள் உலகம் முழுவதும் ஒரே சொல், ஒரே எண்ணிக்கை, ஒரே தேர்வு முறை என்று கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு. நம் ஆசான்மார்களின் சுவடுகள் எத்தனை வீடுகளோடு நின்றுபோயின என்று நினைத்தால் வருத்தமும் உண்டு. பாட்டாவிடமிருந்து நான் கற்றுக்கொண்டது மூன்று சுவடு மட்டும். மிச்சம் அவரோடு போய்விட்டது.

அயுதா நாட்டு இளவரசி கப்பலேறிப் போய் கொரிய அரசனை மணந்த கதையை நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். அந்த அயுதா நம் தென்பக்கத்து ஆய் நாடுதான் என்றும் சொல்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் ஒரு கொரியத் துறவி எழுதிவைத்த கதை அது. ஆய் நாடு என்று நிறுவுவதற்கு அது போதாது. அங்கேயும் அம்மாவை ‘ஒம்மா’, அப்பாவை ‘அப்பா’ என்கிறார்கள். கேட்கும்போது மனசு நிறையத்தான் செய்கிறது. ஆனால் பிள்ளைகளே, உறவு இருந்தால்தான் ஒரு வித்தையைப் படிக்க வேண்டும் என்று இல்லை. அடுத்தவர் வீட்டு வித்தை என்று தெரிந்தே, வணங்கிப் படிக்கலாம்.

சரி, இப்போது பெற்றோருக்கு. இரண்டு மூன்று விஷயம் என்னிடம் சிகிச்சைக்கு வருகிற பிள்ளைகளை வைத்துச் சொல்கிறேன்.

போட்டியில் எடைப்பிரிவு உண்டு. ஒரு கிலோ குறைத்தால் கீழ்ப்பிரிவில் பதக்கம் நிச்சயம் என்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இரண்டு நாள் பட்டினி போட்டு, தண்ணீர்கூடக் கொடுக்காமல், ஸ்வெட்டர் மாட்டி வெயிலில் ஓடவிடுகிறார்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், செய்யாதீர்கள். வளர்கிற உடம்பு அது. மேல்பிரிவில் தோற்றுவிட்டு வரட்டும், வீட்டில் சாளைக்கறியும் கிழங்கும் வைத்துக் காத்திருங்கள்.

பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் முட்டுக்குக் கீழே எலும்பு கொஞ்சம் புடைத்து, தொட்டால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் சாக்கு என்று நினைக்காதீர்கள். குதிக்கிற, உதைக்கிற பிள்ளைகளுக்கு எலும்பு வேகமாக வளரும் வயதில் வருவது அது. குதிப்பைக் குறைத்தால் பெரும்பாலும் தானே சரியாகும். அதோடு உதைக்கவைத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். அதேபோல, கால் விரியவில்லை என்று முதுகில் ஏறி அமுக்குகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. விரிவு மெதுவாகத்தான் வரும். அமுக்கி வரவழைத்த விரிவு என் அறைக்குத்தான் வந்து சேரும்.

மூன்றாவது, கருப்புப் பட்டை. ‘எத்தனை மாசத்துல கிடைக்கும்?’ என்பது சேர்க்கும்போதே கேட்கிற கேள்வியாகிவிட்டது. எனக்கு நாலரை வருடம் ஆனது. பதினைந்து வயதுக்குக் கீழே இருந்தால் டான் கிடையாது, பூம்தான். பாதி சிவப்பு, பாதி கருப்புப் பட்டை. முதல் டானிலிருந்து இரண்டாவதுக்குப் போகக் குறைந்தது ஒரு வருடம், அங்கிருந்து மூன்றாவதுக்கு இரண்டு வருடம் என்று குக்கிவோன் காலக்கெடு வைத்திருக்கிறது. அவர்கள் தரும் சான்றிதழில் எண் இருக்கும், இணையத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். பணம் கட்டும் முன்னால் பாருங்கள். அவசரம் ஏன் கெடுதல் என்றால், பட்டை ஏறினால் உதை உயர வேண்டும் என்ற ஆசை வரும். ஊன்றுகிற கால் தயாராகும் முன்னால் தூக்குகிற கால் தலைக்கு மேலே போய்விடும். ஈர மணலில் எனக்கு நடந்தது அதுதான்.

பெண்பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர் என்னிடம் தனியாகக் கேட்டார்கள், முப்பது நாள் வகுப்பு தற்காப்புக்குப் போதுமா என்று. முப்பது நாளில் கத்தக் கற்றுக்கொள்வாள், அது சின்ன விஷயம் இல்லை. கிஹாப் என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் உண்டு. என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அது வர ஒரு மாதம் ஆனது, அவ்வளவு நாளும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பாள். வந்த அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரை மேல் விழுந்த மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அந்த வருடம் வகுப்பில் நான் பார்த்ததில் மிக நல்ல விஷயம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். உதை கைவர இன்னும் நாளாகும். வகுப்பை முகாமோடு நிறுத்திவிடாதீர்கள்.

2021-ல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில்தான் பாரா டேக்வாண்டோ முதன்முதலாக வந்தது. இந்தியாவிலிருந்து அதில் போனவர் அரியானாவின் அருணா தன்வர். பிறவியிலேயே கைகளில் குறை உள்ளவர். அந்தப் பிரிவில் தலைக்கு உதைக்கக் கூடாது, மார்புக் கவசத்தில்தான் அடிக்க வேண்டும். பிள்ளைகள் அவருடைய ஆட்டத்தை ஒருமுறை தேடிப் பாருங்கள். பார்க்கும்போது அவர் கையைப் பார்க்க வேண்டாம், ஊன்றிய காலைப் பாருங்கள்.

நேரம் ஆகிவிட்டது. அடுத்து பிள்ளைகள் இல் ஜாங்கும் தொல்லியோ சாகியும் செய்துகாட்டப் போகிறார்கள். நான் வரும் வழியில் வடசேரியில் ஒரு டப்பா சாக்பீஸ் வாங்கி வந்திருக்கிறேன். இங்கே சொல்லிக்கொடுக்கிற மாஸ்டரிடம் அனுமதியும் கேட்டுவிட்டேன். முன்வரிசையில் முதலாவதாக இருக்கிற பிள்ளையே, மேலே ஏறி வா, இடது காலைக் காட்டு. பின்னால் இருக்கிறவர்கள் எழுந்து முன்னால் வந்து நின்றால்தான் தரை தெரியும், வாருங்கள்.