பல், பசை, நீர்க்குறி: அஞ்சல் தலைச் சொற்கள்

நண்பர்களே, விக்டோரியா அரசியின் அரையணா நீல அஞ்சல் தலைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். படம் ஒன்றுதான். ஒன்றின் தாளில் நீர்க்குறி கிடையாது, 1865க்கு முந்தைய அச்சு. மற்றதைக் கறுப்புத் தட்டில் கவிழ்த்து வைத்தால் யானையின் தலை உருவம் மங்கலாகத் தெரியும். அது 1865 முதல் வந்த தாள். நீர்க்குறி என்பது தாள் செய்யும்போதே அதில் பதிந்துவிடும் அடையாளம். அஞ்சல் தலைப் பட்டியலில் (கேட்டலாக்) இரண்டுக்கும் தனித்தனி எண்.

அடுத்தது பெர்ஃபரேஷன், அதாவது பல். 'பெர்ஃப் 14' என்றால் தலையைச் சுற்றிப் பதினான்கு பல் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். 2 சென்டிமீட்டர் நீளத்தில் பதினான்கு துளை என்பதே பொருள். '14 x 13½' என்று கண்டால் முதல் எண் மேல்-கீழ் விளிம்புக்கு, இரண்டாவது பக்க விளிம்புக்கு. புள்ளி வரிசைகள் அச்சிட்ட பல் அளவுகோலில் வைக்கும்போது விளிம்பு முழுக்கப் பல்லும் புள்ளியும் பொருந்த வேண்டும். முதல் நான்கு பல் பொருந்துவதைப் பார்த்து முடிவு கட்டினால் 14க்கும் 14½க்கும் வேறுபாடு தெரியாமல் போகும்.

பல்லே இல்லாதது இம்பெர்ஃப். 1840இல் வந்த, உலகின் முதல் அஞ்சல் தலையான பென்னி பிளாக் அப்படித்தான், கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். அதனால் நாலு பக்கமும் ஓரம் விட்டு வெட்டிய தலைக்கு மதிப்பு அதிகம். பல் உள்ள தலையின் ஓரத்தை நறுக்கி இம்பெர்ஃப் என்று விற்கிறவர்கள் உண்டு. ஒட்டியபடி இருக்கும் ஜோடியாக வாங்குவதே பாதுகாப்பு.

பசையில்தான் புதியவர்கள் அதிகம் இழக்கிறார்கள். முத்திரை விழாத, பசை கெடாத தலை மின்ட். ஆல்பத்தில் ஒட்டும் சிறு மடிப்புத் தாள் ஹிஞ்ச். அதை ஒரு தடவை ஒட்டி எடுத்தாலே பசையில் தழும்பு விழும். 1948 ஆகஸ்ட் 15இல் வந்த காந்தி பத்து ரூபாய்த் தலையில் அந்தத் தழும்பு இருந்தால் விலை இறங்கிவிடும். மின்ட் தலையை மவுண்ட்டிலோ (தலையைச் செருகும் பிளாஸ்டிக் உறை) ஸ்டாக் புக்கிலோ (செருகி வைக்கும் பட்டைகள் உள்ள புத்தகம்) வையுங்கள், இடுக்கியால் மட்டும் எடுங்கள்.

முத்திரை விழுந்த யூஸ்டு தலையை உறையோடு சேர்த்து வெட்டி, குளிர்ந்த நீரில் பதினைந்து இருபது நிமிடம் மிதக்க விடுங்கள். தானாக வழுக்கி வரும்போது எடுங்கள். இழுத்தால் பின்தாள் உரிந்து மெலிவு விழும், அதற்குத்தான் 'தின்' என்று பெயர். சிவப்பு, பச்சை உறைகளைத் தனித் தண்ணீரில் போடுங்கள், சாயம் இறங்கும். ஈரத் தலையை முகம் கீழிருக்க ஒற்றுத்தாளில் பரப்பிக் காயவிட்டு, பிறகு கனமான புத்தகத்துக்குள் வையுங்கள்.