விளம்பர இடைவேளை என்று நினைத்தார்... வேலையே போனது!

ஒரே ஒரு வாக்கியம். விளம்பரம் ஓடுகிறது, யார் காதிலும் விழாது என்று நினைத்துச் சொன்னது. உடனே வேலை போய்விட்டது. சொன்னவர் யார் தெரியுமா? நம்ம சேப்பாக்கத்தில் 210 ரன் அடித்த ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் டீன் ஜோன்ஸ்!

(திரையில்: 1986, சென்னை)

வணக்கம் மக்களே! விஷயத்துக்குப் போவதற்கு முன்னால் இந்த 210 பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சம ரன் எடுத்து டை ஆன அந்த டெஸ்ட். செப்டம்பர் மாத மெட்ராஸ் வெயில். ஜோன்ஸ் 502 நிமிடம் ஆடினார். பாதியில் உடம்பு தாங்காமல் களத்திலேயே வாந்தி எடுத்தார். வெளியே போகிறேன் என்றவரைக் கேப்டன் ஆலன் பார்டர் சீண்டிவிட்டு ஆட வைத்தார். அவுட் ஆனதும் நேராக ஆஸ்பத்திரி, கையில் டிரிப்ஸ். அன்றைக்கு ஸ்டாண்டில் இருந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், இன்னும் கதை கதையாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனிதர் இதைச் சொன்னார் என்பதுதான் எனக்குக் கூடுதல் வலி.

சரி, 2006 ஆகஸ்ட். கொழும்பில் இலங்கைக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இரண்டாவது டெஸ்ட். டென் ஸ்போர்ட்ஸ் சேனலுக்காக ஜோன்ஸ் வர்ணனை. இலங்கை வீரர் சங்கக்காராவின் கேட்சைத் தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் ஆம்லா பிடிக்கிறார். டர்பனில் பிறந்தவர், குஜராத் வம்சாவளி, நீண்ட தாடி வைத்த முஸ்லிம் இளைஞர். மைக்கில் ஜோன்ஸின் குரல்: "பயங்கரவாதிக்கு இன்னொரு விக்கெட்."

இது எப்படி வெளியே கேட்டது? இங்கேதான் சுவாரசியம். மைதானத்திலிருந்து ஒரே படம், ஒரே வர்ணனைதான் பல நாடுகளுக்குப் போகும். விக்கெட் விழுந்ததும் ஒவ்வொரு நாட்டுச் சேனலும் தன் விளம்பரத்தை நடுவில் போட்டுக்கொள்ளும். விளம்பரம் போடாத நாட்டில்? மைதானச் சத்தமும் வர்ணனை அறைப் பேச்சும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு விளம்பரம் இல்லாமல் ஓடிய நாடு எது தெரியுமா? தென்னாப்பிரிக்கா! யார் காதில் விழவே கூடாதோ, சரியாக அவர்கள் வீட்டு டிவியில் போய் விழுந்தது. புகார்கள் குவிந்தன, சேனல் அவரை நீக்கியது, ஜோன்ஸ் ஊருக்குக் கிளம்பினார்.

இதற்கு இரண்டு வருடம் முன்னால், 2004-ல், பிரிட்டனின் ஐடிவி சேனலில் கால்பந்து வர்ணனையாளர் ரான் அட்கின்சனுக்கும் இதே கதி. செல்சி – மொனாக்கோ கால்பந்து ஆட்டம் முடிந்து, உள்ளூரில் ஒளிபரப்பும் முடிந்துவிட்டது. ஆனால் மத்தியக் கிழக்கில் சில நாடுகளில் ஒலி நிற்கவில்லை. மார்செல் டெசாயி என்ற கறுப்பின வீரரைப் பற்றி அவர் பேசிய இனவெறிப் பேச்சு அங்கே கேட்டது. பதவி விலகினார்.

ஜோன்ஸ் மன்னிப்புக் கேட்டார். முட்டாள்தனமாகப் பேசிவிட்டேன் என்று ஒத்துக்கொண்டார். கூடவே, அது ஒளிபரப்பில் போக வேண்டிய பேச்சே இல்லை என்றும் சொன்னார். எனக்கு இந்த இரண்டாவது பகுதிதான் உறுத்துகிறது. மைக் மூடியிருந்தால் மட்டும் அது சரியாகிவிடுமா? 2005 டிசம்பரில்தான் ஆஸ்திரேலியாவின் பெர்த் மைதானத்தில் பார்வையாளர்கள் தங்களை இனவெறியோடு திட்டினார்கள் என்று தென்னாப்பிரிக்க வீரர்கள் புகார் செய்திருந்தார்கள். கேலரியில் யாரோ கத்துவதைக் கண்டிக்கும் விளையாட்டில், வர்ணனை அறைக்குள்ளேயே ஒருவரின் தாடியைப் பார்த்து இப்படிப் பேச முடிகிறது என்றால் நோய் எங்கே இருக்கிறது?

அப்புறம், அந்தக் கொழும்பு டெஸ்ட் நடந்த இடத்தைக் கவனியுங்கள். பி. சரா ஓவல். முழுப் பெயர் பாக்கியசோதி சரவணமுத்து மைதானம். ஆமாம், ஒரு தமிழரின் பெயர். தமிழ் யூனியன் கிளப்பின் சொந்த மைதானம்! அதே வாரங்களில் மாவிலாறு, மூதூர் என்று இலங்கையின் உள்நாட்டுப் போர் மறுபடி மூண்டுகொண்டிருந்தது. பெயரையும் அடையாள அட்டையையும் பார்த்தே சந்தேகப்படுவது என்றால் என்ன என்று அந்தக் காலத்துக் கொழும்புத் தமிழர்களைக் கேளுங்கள். "சும்மா ஜோக்குதானே" என்று அவர்களிடம் சொல்ல முடியுமா?

ஆம்லா? அவர் பேட்டால் பேசினார். 2012-ல் லண்டன் ஓவலில் ஆட்டமிழக்காமல் 311. டெஸ்ட்டில் தென்னாப்பிரிக்கர் ஒருவர் அடித்த முதல் முச்சதம். 13 மணி நேரத்துக்கும் மேல் களத்தில் நின்றார்!

ஜோன்ஸின் கதையும் அங்கேயே முடியவில்லை. பாகிஸ்தானின் பிஎஸ்எல் (பாகிஸ்தான் சூப்பர் லீக்) தொடரில் இஸ்லாமாபாத் யுனைடெட் அணிக்குப் பயிற்சியாளராகி 2016, 2018 என்று இரண்டு கோப்பை வென்றார். மைக்கும் திரும்பக் கிடைத்தது. 2020 செப்டம்பரில் ஐபிஎல் வர்ணனைக்காக மும்பைக்கு வந்திருந்தபோதுதான் திடீரென்று காலமானார்.

என்னைக் கேட்டால், வேலையை விட்டு நீக்கியது நூறு சதவீதம் சரி. அதற்குப் பிறகு மறுபடி வாய்ப்பு கொடுத்ததும் சரிதான். இந்த இரண்டாவது விஷயத்தில் உங்களில் பலர் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். ஏன் என்று கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன். வீடியோ பிடித்திருந்தால் லைக் போட்டு, கிரிக்கெட் பார்க்கும் நண்பர் ஒருவருக்கு அனுப்புங்கள்.