காசே வைக்காத சீட்டாட்டத்துக்கு 18+ முத்திரை ஏன்? 2024இல் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விளையாட்டுகள்

[திரையில்: பச்சை மேசையின் மீது எட்டுச் சீட்டுகள், மேலே சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு ஜோக்கர்.]

இந்த விளையாட்டில் ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை, ஆபாசம் இல்லை, ஒரு பைசாகூடப் பணயம் வைக்க வழியில்லை. ஆனாலும் ஐரோப்பாவில் இதன்மீது 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்ற முத்திரை குத்தப்பட்டது. அதே ஆண்டில், உள்ளே எந்த வீரர் இருப்பார் என்று தெரியாத பொட்டலங்களை உண்மைப் பணம் கொடுத்து வாங்க வைக்கும் ஒரு கால்பந்து விளையாட்டு, மூன்று வயதுக் குழந்தைக்கும் ஏற்றது என்ற சான்றிதழை அதே அமைப்பிடமிருந்து பெற்றிருந்தது. இந்த முரண்பாட்டுக்குக் காரணம் என்ன என்பதையும், 2024ஆம் ஆண்டில் வெளியானவற்றில் என் இரவுத் தூக்கத்தைப் பறித்த விளையாட்டுகள் எவை என்பதையும் இந்தக் காணொளியில் பார்ப்போம்.

வணக்கம் நேயர்களே. பின்னணியை விரைவாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். விளையாட்டின் பெயர் பலாட்ரோ. 2024 பிப்ரவரி 20 அன்று வெளியானது. கனடாவைச் சேர்ந்த ஒரே ஒருவர், லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் தம் உண்மைப் பெயரை வெளியிடாமல் உருவாக்கியது. ஒரு மாதத்துக்குள் பத்து லட்சம் பிரதிகளும், 2025 ஜனவரிக்குள் ஐம்பது லட்சம் பிரதிகளும் விற்றன. வரலாறு போதும், இனி சீட்டைக் கையில் எடுப்போம்.

[திரையில்: ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் ஜாக், ஆர்ட்டின் 9, 6, 4.]

இது போக்கர் என்ற சீட்டாட்டத்தை ஒட்டிய விளையாட்டு. போக்கர் ஆடத் தெரியாதவர்கள் காணொளியை மூடிவிட வேண்டாம், ஏனெனில் இதில் எதிராளியே கிடையாது. யாரையும் ஏமாற்ற வேண்டியதும் இல்லை, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. உங்கள் கையில் எட்டுச் சீட்டுகள் இருக்கும். அவற்றிலிருந்து ஐந்து வரை எடுத்து இறக்கினால், அவை எந்த வகைச் சேர்க்கை என்பதைப் பொறுத்து மதிப்பெண் கிடைக்கும். எட்டுச் சுற்றுகள், ஒவ்வொன்றிலும் மூன்று இலக்குகள். முதல் இலக்கு 300, அடுத்தது 450, மூன்றாவது 600. ஓர் இலக்கை எட்ட உங்களுக்கு வழக்கமாக நான்கு வாய்ப்புகள் உண்டு.

மதிப்பெண் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் இந்த விளையாட்டின் மொத்த இன்பமும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. திரையின் இடப்பக்கம் நீலப் பெட்டி ஒன்றும் சிவப்புப் பெட்டி ஒன்றும் இருக்கின்றன. நீலத்தில் இருப்பது சிப்ஸ் எனப்படும் அடிப்படைப் புள்ளிகள், சிவப்பில் இருப்பது பெருக்கி; இரண்டையும் பெருக்கினால் உங்கள் மதிப்பெண். ஐந்து சீட்டும் ஒரே சின்னத்தில் அமைவதை ஃப்ளஷ் என்கிறோம். அதற்குத் தொடக்கத்தில் 35 சிப்ஸும் 4 பெருக்கியும் உண்டு. திரையில் இருக்கும் ராஜாவுக்கும் ஜாக்குக்கும் தலா 10, மற்றவற்றுக்கு அவற்றின் எண், ஆக 39. அதனுடன் 35 சேர்ந்தால் 74. நான்கால் பெருக்கினால் 296. இலக்கு 300 என்று சொன்னேன் அல்லவா? நான்கு மதிப்பெண் குறைவு! அழகான ஃப்ளஷ் ஒன்றை இறக்கிவிட்டு, மீதி நான்கு மதிப்பெண்ணுக்காக இன்னொரு வாய்ப்பைச் செலவழிக்கும்போது வரும் எரிச்சலை அனுபவித்தால்தான் புரியும்.

இந்த இடத்தில்தான் ஜோக்கர்கள் வருகிறார்கள். ஒவ்வோர் இலக்கையும் முடித்த பிறகு ஒரு கடை திறக்கும். விளையாட்டுக்குள்ளேயே சம்பாதித்த டாலரில் அங்கே ஜோக்கர்களை வாங்கலாம். மொத்தம் 150 ஜோக்கர்கள் இருக்கிறார்கள். சாதாரணமாக ஐவரை மட்டுமே ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியும். எல்லாரிலும் எளியவர், வெறும் "ஜோக்கர்" என்றே பெயர் கொண்டவர், பெருக்கியில் 4 கூட்டுவார். அவர் வந்ததும் மேலே பார்த்த அதே ஐந்து சீட்டு 74 பெருக்கல் 8, அதாவது 592 ஆகிவிடும். இன்னொருவர், "தி ட்ரைப்" என்ற பெயருடையவர், ஃப்ளஷ் இறக்கினால் பெருக்கியை இரு மடங்காக்குவார். இவரைத் திறப்பதற்கு ஓர் ஆட்டத்தை ஃப்ளஷ் ஒன்றுகூட இறக்காமல் வென்றிருக்க வேண்டும் என்பது உருவாக்கியவரின் குறும்பு.

இப்போது இருவரும் உங்களிடம் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜோக்கர்கள் இடமிருந்து வலமாக வேலை செய்வார்கள். கூட்டுபவர் இடப்பக்கமும் இரட்டிப்பவர் வலப்பக்கமும் நின்றால், நான்குடன் நான்கு சேர்ந்து எட்டாகி, எட்டு பதினாறாகும், மதிப்பெண் 1,184. இருவரையும் இடம் மாற்றி நிறுத்தினால், நான்கு எட்டாகி, எட்டுடன் நான்கு சேர்ந்து பன்னிரண்டு மட்டுமே வரும், மதிப்பெண் 888. அதே சீட்டு, அதே ஜோக்கர்கள், நிற்கும் வரிசை மட்டும்தான் வேறு. இழப்பு 296, அதாவது ஜோக்கரே இல்லாமல் நீங்கள் இறக்கிய ஒரு முழு ஃப்ளஷின் மதிப்பு! கூட்டிவிட்டுப் பெருக்குவதற்கும் பெருக்கிவிட்டுக் கூட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை என் பள்ளிக் கணக்குப் புத்தகம் எத்தனையோ பக்கங்களில் சொல்லியும் என் மண்டையில் இந்த அளவுக்கு ஏற்றவில்லை.

கடைசிச் சுற்றில் இறுதி இலக்கு பெரும்பாலும் ஒரு லட்சம். 296 எடுத்த கையால் ஒரு லட்சத்தை எப்படித் தொடுவது என்ற கேள்விக்கு ஆளுக்கொரு விடை உண்டு. கிரகச் சீட்டுகள் ஒவ்வொரு சேர்க்கையின் அடிப்படை மதிப்பையும் உயர்த்தும். டாரட் சீட்டுகள் ஒரு சாதாரணச் சீட்டைக் கண்ணாடியாக்கும், எஃகாக்கும், சின்னத்தையே மாற்றும். கண்ணாடிச் சீட்டு பெருக்கியை இரட்டிக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் உடைந்து போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் சீட்டுக்கட்டில் நான்கு ராஜாக்கள் என்ற நியதி மறைந்து, நாற்பது ராஜாக்கள்கூட வந்து உட்காரலாம். வீட்டில் இப்படி ஒரு கட்டை எடுத்து வைத்தால் அடிதான் விழும். இங்கே அதற்குப் பெயர் திறமை.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாட்டை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். "பேரன்" (Baron, அதாவது பிரபு) என்ற ஜோக்கர், நீங்கள் இறக்காமல் கையிலேயே வைத்திருக்கும் ஒவ்வொரு ராஜாவுக்கும் பெருக்கியை ஒன்றரை மடங்காக்குவார். எஃகுச் சீட்டும் கையில் இருக்கும்போதுதான் ஒன்றரை மடங்கு தரும். ஆகவே கையிலிருக்கும் ஓர் எஃகு ராஜா 2.25 மடங்கு. மூன்று சீட்டுகளை இறக்கிவிட்டு ஐந்து எஃகு ராஜாக்களைக் கையில் வைத்திருந்தால், பெருக்கி ஏறத்தாழ 57.7 மடங்கு உயரும். "மைம்" என்ற இன்னொரு ஜோக்கர், கையிலிருக்கும் சீட்டுகளின் ஆற்றலை மறுமுறை இயங்கச் செய்வார். அவரும் சேர்ந்துவிட்டால் அந்த 57.7 தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு 3,300ஐத் தாண்டிவிடும். ராஜாவை இறக்குபவன் சாதாரண ஆட்டக்காரன், இறக்காமல் உட்கார வைத்திருப்பவன் கெட்டிக்காரன் என்ற நிலைக்குப் போக்கரைத் தலைகீழாக்கிய இந்த யோசனைக்கு என்னைப் பொறுத்தவரை ஒரு தனி விருதே கொடுக்கலாம்.

[திரையில்: எண்கள் தீப்பற்றி எரியும் காட்சி. மதிப்பெண் இலக்கைத் தாண்டும்போது பெட்டிகளில் நெருப்பு எழும்.]

இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? எட்டுச் சுற்றுகளை வென்ற பிறகும் விருப்பமிருந்தால் முடிவின்றித் தொடரலாம். அப்படித் தொடர்ந்தவர்கள், ஒன்றுக்குப் பின்னால் 308 பூஜ்யங்கள் போட்டால் வரும் எண்ணை ஒட்டிய ஓர் எல்லையை எட்டிவிட்டார்கள். கணினிகள் தசம எண்களைச் சேமிக்கப் பயன்படுத்தும் வழக்கமான 64 பிட் முறையில் அதற்கு மேல் எண் என்பதே இல்லை. அந்த எல்லையைக் கடந்ததும் விளையாட்டு மதிப்பெண்ணைக் காட்டும் இடத்தில் "நேன்இன்ஃப்" என்ற பொருளற்ற எழுத்துக்கோவையைக் காட்டுகிறது. அதை வரவழைப்பதையே வாழ்நாள் இலட்சியமாகக் கொண்ட ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. போனவர்கள் இருந்தால் பின்னூட்டத்தில் ஆதாரத்தோடு வாருங்கள், கைதட்டக் காத்திருக்கிறேன்.

சரி, 18+ விவகாரத்துக்கு வருவோம். ஐரோப்பாவில் விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் வழங்கும் பெகி அமைப்பு, முதலில் பலாட்ரோவுக்கு 3+ கொடுத்திருந்தது. வெளியான சில நாள்களிலேயே அதை 18+ ஆக மாற்றியதால், சில நாடுகளின் இணையக் கடைகளிலிருந்து அது தற்காலிகமாக நீக்கப்பட்டது. போக்கர் சேர்க்கைகளைக் கற்றுக்கொடுப்பது சூதாட்டம் கற்றுக்கொடுப்பதற்குச் சமம் என்பதே அந்த அமைப்பின் வாதம். ஆண்டு இறுதி வரை முத்திரை மாறாததைப் பார்த்த லோக்கல்தங்க், உண்மையான சூதாட்டத்தையும் பணம் பறிக்கும் வசதிகளையும் சேர்த்துவிட்டால் கால்பந்து விளையாட்டைப் போல் நமக்கும் 3+ கிடைக்குமோ என்று கிண்டலாக எழுதினார். மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் தரம் 12+ ஆகக் குறைக்கப்பட்டது.

இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. இணையச் சூதாட்டத்துக்கு எதிராக 2022இல் தனிச் சட்டமே இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. ரம்மி செயலிகளில் பணத்தையும் உயிரையும் இழந்தவர்களின் செய்திகளைப் படித்திருக்கும் நம் பெற்றோர், கைப்பேசியில் சீட்டைக் கண்டவுடன் பதறுவதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் தரம் வழங்குவதையே தொழிலாகக் கொண்ட ஓர் அமைப்பு படத்தைப் பார்த்துப் பதறக் கூடாது, பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பலாட்ரோவில் விளையாட்டின் விலையைத் தவிர வேறெதற்கும் காசு கேட்பதில்லை. போதாக்குறைக்கு, தம் காலத்துக்குப் பிறகும் இந்த விளையாட்டின் உரிமை எந்தச் சூதாட்ட நிறுவனத்துக்கும் போகக் கூடாது என்று தம் உயிலிலேயே எழுதி வைத்திருப்பதாக அதன் படைப்பாளி 2024இல் அறிவித்தார். இதற்கு மேல் ஒரு மனிதர் என்னதான் செய்ய முடியும்?

[திரையில்: இருண்ட குகை, ஒளிரும் சிறு உருண்டை, தூரத்தில் ஒரு தொலைபேசி.]

அடுத்தது அனிமல் வெல். இதையும் ஒருவர்தான் உருவாக்கினார். பில்லி பாஸோ என்ற அமெரிக்கர், ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் உழைத்து, இதற்கென்று தாமே எழுதிய மென்பொருள் இயந்திரத்தில் கட்டியது. 2024 மே 9 அன்று வெளியான இந்த விளையாட்டின் மொத்த அளவு 40 மெகாபைட்டைத் தாண்டாது. அதே ஆண்டின் பிளாக் மித்: வுகாங் கேட்கும் இடம் 130 கிகாபைட், அந்த இடத்தில் அனிமல் வெல்லை மூவாயிரம் முறைக்கு மேல் நிரப்பி வைக்கலாம்.

இதில் வாள் இல்லை, துப்பாக்கி இல்லை. பட்டாசு, சோப்புக் குமிழி ஊதும் கோல், யோயோ, வீசு தட்டு, புல்லாங்குழல் போன்ற விளையாட்டுச் சாமான்களே ஆயுதங்கள். ஊதிய குமிழியின்மேல் ஏறி நிற்கலாம் என்பதை விளையாட்டு சொல்லித் தராது. நீங்களே தவறிக் குதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டம் முடிந்துவிட்டது என்று எழுந்தால், அடியில் இன்னோர் அடுக்கு புதிர்கள் காத்திருக்கும். அவற்றில் ஒன்றைத் தனியாளாக விடுவிக்கவே இயலாது: முயல் ஓவியம் ஒன்றின் ஐம்பது துண்டுகளில் ஒன்று மட்டுமே உங்கள் திரையில் தெரியும், மற்றவை உலகின் வேறு மூலைகளில் ஆடுபவர்களிடம் இருக்கும். முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் கூடி, துண்டுகளை ஒட்டிப் படத்தை முழுமையாக்கினார்கள். இதைப் பற்றி இன்னும் ஒரு மணி நேரம் பேசுவேன், ஆனால் பேசினால் நீங்கள் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது.

வுகாங்கைக் குறிப்பிட்டதால் அதையும் முடித்துவிடுவோம். சீனாவின் கேம் சயின்ஸ் நிறுவனம், குரங்கு மன்னனின் பழங்கதையை வைத்து உருவாக்கி, மூன்று நாளில் ஒரு கோடி பிரதிகள் விற்றது. ஷான்ஷி மாநிலத்தின் பழைய கோயில்களையும் சிற்பங்களையும் அளந்து பதிவுசெய்து அப்படியே உள்ளே கொண்டுவந்திருக்கும் நேர்த்திக்காகவே ஒருமுறை பார்க்கலாம். சண்டை எனக்குச் சற்று அலுத்தது. ரசிகர்கள் கல்லெறிய வேண்டாம்.

யூஎஃப்ஓ 50 என்பது 1980களில் இருந்ததாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு நிறுவனத்தின் ஐம்பது விளையாட்டுகளை ஒரே தொகுப்பில் தருவது. ஐம்பதும் உண்மையான, முழுமையான விளையாட்டுகள் என்பதால் ஒரு விளையாட்டின் விலைக்கு ஓராண்டுக்கான விடுமுறை விண்ணப்பமும் சேர்த்தே தேவைப்படும்.

[திரையில்: வெள்ளை உடலும் நீலக் கண்களும் கொண்ட குட்டி ரோபோ கையசைக்கிறது.]

2024 டிசம்பர் 12 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை வென்றது, டோக்கியோவின் டீம் அசோபி உருவாக்கிய ஆஸ்ட்ரோ பாட். சிதறிப்போன 300 குட்டி ரோபோக்களைத் தேடிச் சேர்ப்பதுதான் கதை. மணலில் நடந்தால் மணலின் நறநறப்பும், கண்ணாடியில் நடந்தால் கண்ணாடியின் சில்லென்ற தட்டலும் கையிலிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக உள்ளங்கைக்கு வந்து சேரும். மழைத்துளிகள் ரோபோவின் மீது விழுவதைக் கண்ணை மூடிக்கொண்டே எண்ணிவிடலாம் போல இருக்கும். பிளேஸ்டேஷன் 5 இல்லாதவர்களுக்கு இதை ஆட வழியில்லை என்பதுதான் குறை.

அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான ஆறு பரிந்துரைகளில், நூற்றுக்கணக்கானவர்கள் உழைத்த படைப்புகளுக்கு நடுவே, ஒரே ஒருவரின் பலாட்ரோவும் இருந்தது. அந்த விருது கிடைக்கவில்லை. ஆனால் சிறந்த சுயாதீன விளையாட்டு, சிறந்த அறிமுகப் படைப்பு, சிறந்த கைப்பேசி விளையாட்டு என மூன்றை அள்ளிச் சென்றது. என் ஓட்டு எதற்கு என்பதை, இந்தக் காணொளியில் நான் எதற்கு எத்தனை நிமிடம் செலவழித்தேன் என்பதை வைத்தே நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

2024 செப்டம்பர் முதல் பலாட்ரோ கைப்பேசியிலும் கிடைக்கிறது. தொடங்குபவர்களுக்கு ஒரே ஓர் ஆலோசனை: கடையில் கையிலிருக்கும் டாலரை எல்லாம் உடனே செலவழித்துவிடாதீர்கள். மிச்சம் வைக்கும் ஒவ்வோர் ஐந்து டாலருக்கும் ஒரு டாலர் வட்டி, உச்சமாக ஐந்து டாலர் வரை கிடைக்கும். எனவே 25 டாலரைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு மேல் இருப்பதை மட்டும் செலவழிக்கப் பழகுங்கள். உங்கள் முதல் வெற்றியில் உடனிருந்த ஐந்து ஜோக்கர்கள் யார் யார், எந்த வரிசையில் நின்றார்கள் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். வரிசை தவறாக இருந்தால் நானே வந்து திருத்துகிறேன்.