வார்டனும் கார்டியனும்

(ஒரு கல்லூரியின் ஆங்கில மன்றத்தில் பேசியது. பேச்சில் இருந்த இழுவையைக் கொஞ்சம் குறைத்து எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். வாசலில் பேனர் கட்டியிருக்கிறீர்கள், 'ஹார்ட்டி வெல்கம்' என்று. ஆனால் போன வாரம் எனக்கு வந்த அழைப்பிதழில் 'கார்டியலி இன்வைட்' என்று இருந்தது. அகராதியைத் திறந்தால் இரண்டுக்கும் மனமார்ந்த, உளமார்ந்த என்றுதான் போட்டிருக்கும். இரண்டுக்குள்ளும் இருப்பது இதயம்தான், ஒன்றில் பழைய ஆங்கிலத்தின் ஹார்ட், இன்னொன்றில் லத்தீனின் கோர். அப்புறம் ஏன் பேனரில் இருப்பது அழைப்பிதழுக்குப் போவதில்லை? 'கார்டியல் வெல்கம்' என்றால் கைகுலுக்கிவிட்டு நாற்காலியைக் காட்டுவது போல இருக்கிறது, 'ஹார்ட்டி வெல்கம்' என்றால் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, வாய்யா சாப்பிடு என்று இலை போடுவது போல.

இதற்குக் காரணம் தேடினால் ஒரு போர்க்களத்தில் போய் நிற்போம். 1066 அக்டோபர் 14, ஹேஸ்டிங்ஸ். பிரான்ஸின் வடக்குக் கரையில் இருக்கும் நார்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்த வில்லியம் ஜெயித்தார், இங்கிலாந்தின் அரண்மனையும் கோர்ட்டும் பிரெஞ்சு பேச ஆரம்பித்தன. ஊர் மக்கள் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தார்கள், மடத்திலும் படிப்பிலும் லத்தீன். ஒரே நாட்டில் மூன்று மாடி வீடு மாதிரி மூன்று மொழிகள். ஆங்கிலம் இருக்கிற தரைத்தளத்தில் கேட்டால் ஆஸ்க், பிரெஞ்சு இருக்கிற முதல் மாடியில் க்வெஸ்டின், லத்தீன் இருக்கிற மொட்டை மாடிக்குப் போனால் இன்டெராகேட். நண்பனை ஆஸ்க் பண்ணலாம், அமைச்சரை க்வெஸ்டின் பண்ணலாம், இன்டெராகேட் என்றால் எதிரே ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நமக்கு இது புதிதா என்ன? சோறு, சாதம், அன்னம் மூன்றும் ஒரே பானையில் வெந்ததுதான். ஆனால் அன்னதானம் என்போம், சோற்றுதானம் என்று யாராவது போர்டு வைப்பார்களா? வீட்டில் குடியிருப்போம், பத்திரிகை அடித்தால் அது கிருகப்பிரவேசம், வாசலில் பெயர்ப்பலகை மாட்டினால் இல்லம். எந்தச் சொல் எந்த இடத்தில் என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, காது சொல்லித் தந்தது.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள்: ஆட்டை மேய்த்தவன் ஆங்கிலேயன், அதனால் உயிரோடு இருந்தால் ஷீப், தட்டில் வைத்துத் தின்றவன் பிரெஞ்சுக்காரன், அதனால் கறியானால் மட்டன். மாட்டுக்கு கவ் - பீஃப், பன்றிக்கு பிக் - போர்க். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை சொல்கிற அளவுக்கு விஷயம் அவ்வளவு சுத்தமாக இல்லை. பீஃப் என்ற சொல்லை உயிருள்ள மாட்டுக்கும் பல நூற்றாண்டு வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், இந்தப் பாகப்பிரிவினை மெதுவாகத்தான் நடந்தது. அதுவும் நம் ஊருக்கு வந்ததும் மட்டன் வெள்ளாட்டுக் கறி ஆகிவிட்டது. லண்டனில் மட்டன் கேட்டால் செம்மறி வரும், ஏமாறாதீர்கள்.

எனக்குப் பிடித்த ஜோடி வேறு. ஹாஸ்டலில் சேர்ந்தபோது ஒரு படிவம் நிரப்பியிருப்பீர்கள். கார்டியன் கையெழுத்து வாங்கி வார்டனிடம் கொடு என்பார்கள். இரண்டு பேரும் ஒரே சொல்! காவல் என்று பொருள்படும் ஒரு பழைய ஜெர்மானிய வேர் பிரெஞ்சுக்குள் போனது. நார்மண்டிக்காரர்கள் அதை 'வ' என்றே சொன்னார்கள், பாரீஸ் பக்கத்தார் 'க' ஆக்கினார்கள். முதலில் நார்மன் உச்சரிப்பு இங்கிலாந்துக்கு வந்தது, பிறகு பாரீஸ் உச்சரிப்பும் வந்தது, ஆங்கிலம் ஒன்றையும் தூக்கிப் போடாமல் இரண்டையும் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு வேலை கொடுத்துவிட்டது. வார்டன் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர், கார்டியன் உங்களைப் பார்த்துக்கொள்கிறவர். (வார்டன் சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

வாரண்டி, கேரண்டியும் இதே மாதிரி வ-க ஜோடிதான். நம் கடைக்காரர்கள் அதற்குச் சொந்தமாகவே ஒரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள்: கேரண்டி என்றால் புதுசு மாற்றித் தருவது, வாரண்டி என்றால் ரிப்பேர் செய்து தருவது. நான் வாங்கிய ஒரு மிக்ஸிக்கு இரண்டும் கிடைக்கவில்லை, அது வேறு கதை.

வக்கீல்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். எந்த மொழிச் சொல்லை எடுப்பது என்று குழம்புவானேன் என்று இரண்டையும் சேர்த்தே எழுதிவிட்டார்கள் போல. 'வில் அண்ட் டெஸ்டமெண்ட்' என்பதில் வில் பழைய ஆங்கிலம், டெஸ்டமெண்ட் லத்தீன். இன்றும் உயிலில் அப்படியே எழுதுகிறார்கள். மக்களுக்கு பிரெஞ்சு புரியவில்லை, இனி வழக்கை ஆங்கிலத்தில்தான் வாதாட வேண்டும் என்று 1362இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்!

கடைசியாக ஒன்று, மாடு. கேட்டில், சேட்டல், கேபிட்டல். கால்நடை, அசையும் சொத்து, மூலதனம். மூன்றும் லத்தீனின் ஒரே சொல்லிலிருந்து வந்தவை, அதற்கும் வேர் 'தலை'. தலையானது, முதன்மையானது, அதனால் சொத்து. நார்மண்டி வழியாக வந்தது கேட்டில், பாரீஸ் வழியாக வந்தது சேட்டல், படித்தவர்கள் நேரே லத்தீனிலிருந்து எடுத்தது கேபிட்டல். விவசாயிக்குக் கொட்டகையில் நிற்பது, வக்கீலுக்குப் பத்திரத்தில் இருப்பது, வியாபாரிக்குக் கணக்கில் இருப்பது.

தமிழில் இதற்கு மூன்று சொல்கூட வேண்டியதில்லை. 'மாடல்ல மற்றை யவை' என்று வள்ளுவர் முடிக்கிறாரே, அந்த மாடு செல்வம். தலை என்பதிலிருந்து அவர்கள் கேபிட்டலுக்குப் போனார்கள், நாம் முதல் என்று சொல்லி, அதைப் போட்டவரை முதலாளி ஆக்கிவிட்டோம்.

சரி, யாராவது ஆஸ்க் பண்ணுவதென்றால் பண்ணுங்கள். எனக்கு ஆறரைக்குப் பஸ்.