யாரும் ஓட்டுப் போடாத நாடாளுமன்றம்: நேபாளம் 2007

அவையோருக்கு வணக்கம்.

2007 ஜனவரி 15. காத்மாண்டு, அரசின் தலைமையகமான சிங்க தர்பார். மாலையில் பிரதிநிதிகள் சபை கடைசியாக ஒருமுறை கூடியது. இடைக்கால அரசியல் சாசனத்தை ஏற்றுக்கொண்டு, தானே கலைந்தது. அன்றிரவே புதிய இடைக்கால நாடாளுமன்றம் கூடிவிட்டது. மொத்தம் 330 உறுப்பினர்கள். அதில் 83 பேர் மாவோயிஸ்டுகள்.

யார் இவர்களைத் தேர்ந்தெடுத்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய சபை 1999-ல் தேர்தலில் வந்தது; 2002-ல் கலைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில் மக்கள் 19 நாள் தெருவில் நின்று போராடிய பிறகுதான் மன்னர் ஞானேந்திரா அதை மீட்டுக் கொடுத்தார். அதன் ஐந்தாண்டு எப்போதோ முடிந்துபோனது. மாவோயிஸ்டுகளோ அரசுக்கு எதிராகப் பத்தாண்டு ஆயுதம் ஏந்தியவர்கள். ஆக, மக்களின் புதிய ஆணை அந்த அவையில் யார் கையிலும் இல்லை.

இருந்தும் அந்த அவை தேவைப்பட்டது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். பதின்மூன்றாயிரம் பேருக்கு மேல் பலிவாங்கிய போர் அப்போதுதான் நின்றிருந்தது. சுட்டவரும் சுடப்பட்டவரும் ஒரே கூரையின் கீழ் உட்காராமல் எந்தத் தேர்தலை நடத்த முடியும்? அதே ஜனவரியில் மாவோயிஸ்ட் படையினர் தங்கியிருந்த முகாம்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். மாவோயிஸ்டுகள் தங்கள் துப்பாக்கிகளைப் பதிவுசெய்து கன்டெய்னர்களில் வைத்துப் பூட்டினார்கள். கண்காணிப்பு ஐ.நா.விடம். சாவி மட்டும் அவர்களிடமே. ராணுவமும் அதே அளவு ஆயுதங்களைப் பூட்டி வைத்தது. ஒருவரை ஒருவர் அந்த அளவுக்குத்தான் நம்பினார்கள். அந்த அரைகுறை நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் அவையையும் நடத்தினார்கள். மாவோயிஸ்ட் தலைவர்களான பிரசண்டாவும் பாபுராம் பட்டராயும் உறுப்பினர்களாகச் சேரவில்லை. கிருஷ்ண பகதூர் மஹரா தலைமையில் மற்றவர்களை அனுப்பினார்கள்.

சரி, குறையே இல்லையா? பெரிய குறை இருந்தது. அது வெளியே தெரிய ஒரு நாள் போதுமானதாக இருந்தது. மறுநாளே காத்மாண்டின் மைதிகர் சந்திப்பில் மதேசி மக்கள் உரிமை மன்றத்தினர் இடைக்கால சாசனத்தின் பிரதிகளைக் கொளுத்தினார்கள். தெற்கே தராய் சமவெளியில் வாழும் மதேசிகளுக்குக் கூட்டாட்சியும் இல்லை, மக்கள்தொகைக்கு ஏற்ற தொகுதிகளும் இல்லை என்பது அவர்கள் புகார். அரசு அவர்களைக் கைது செய்தது. சில நாளில் தராய் ஊரான லஹானில் ஓர் இளைஞன் மாவோயிஸ்ட் ஒருவர் சுட்டதில் இறந்தான். அப்புறம் தராய் முழுவதும் பற்றிக்கொண்டது. இலையே போடாமல் பந்தி நடத்தினால் வாசலில் சத்தம் கேட்கத்தான் செய்யும். பிரதமர் கிரிஜா பிரசாத் கொய்ராலா இருமுறை நாட்டு மக்களிடம் பேச வேண்டியிருந்தது. சாசனம் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முதல் திருத்தம் வந்தது, கூட்டாட்சி ஏட்டில் ஏறியது. அதற்குள் எத்தனை உயிர்கள்! முதலிலேயே கேட்டிருந்தால் என்ன என்று இன்றும் மனம் ஆறவில்லை.

புதிய சாசனத்தை எழுத வேண்டிய அரசியல் நிர்ணய சபைக்கான தேர்தலையும் இழுத்தடித்தார்கள். 2007 ஜூன் என்றார்கள், நவம்பர் என்றார்கள். இடையில் மாவோயிஸ்டுகள் அரசை விட்டே வெளியேறினார்கள். முடியாட்சியை உடனே ஒழிக்க வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. டிசம்பர் 28-ல் அவை நேபாளத்தைக் கூட்டாட்சிக் குடியரசு என்று எழுதியது. ஆனால், தேர்தலில் வரும் அரசியல் நிர்ணய சபையின் முதல் அமர்வுதான் அதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. நான் அந்த அவையை மதிப்பது இதற்காகத்தான். மன்னரை அரியணையிலிருந்து இறக்க அதனிடம் வாக்கு பலம் இருந்தது. இருந்தும் கடைசி முடிவை, மக்கள் ஓட்டில் வருபவர்களுக்கு விட்டுவைத்தது.

2008 ஏப்ரல் 10-ல் தேர்தல் நடந்தது. மே 28-ல் 560 பேர் ஆதரவாகவும் 4 பேர் எதிராகவும் வாக்களிக்க, முடியாட்சி முடிவுக்கு வந்தது. அந்தப் புதிய சபையில் மதேசி மக்கள் உரிமை மன்றம் நான்காவது பெரிய கட்சி. மைதிகரில் கைதான அதன் தலைவர் உபேந்திர யாதவ், அதே ஆண்டு நாட்டின் வெளியுறவு அமைச்சரானார்.