நூற்றிரண்டு டிகிரியில் தெரிந்த உலகம்

அனைவருக்கும் வணக்கம். தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது "உடம்பு தேறி வந்திருக்கிறார்" என்றார். உண்மைதான். இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே நேரம் நான் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தேன். பெரிய வியாதி ஒன்றுமில்லை, ஃபுளூதான். காய்ச்சல் 102 டிகிரி.

முதல் நாள் உடம்பு வலித்தது. மூன்றாம் நாள், என் வாழ்க்கையே வெட்டி என்று தெரிந்துவிட்டது. சந்தேகமாகத் தோன்றவில்லை ஐயா, கணக்குப் போட்டு விடை வந்த மாதிரி தெளிவாகத் தெரிந்தது. முப்பது வருஷம் பாடம் நடத்தி என்ன கண்டேன்? மகன் போன் செய்வது கடமைக்கு. மனைவி கஞ்சியை வைத்துவிட்டுத் திரும்பிய வேகத்தில்கூட ஓர் அலுப்பு. வாய் கசந்தது என்பார்களே, எனக்குக் கஞ்சி வைத்த கையே கசந்தது. (அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். மன்னித்துவிட்டார் என்று நம்புகிறேன்.)

எழுந்த பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். ஃபுளூ வைரஸ் பெரும்பாலும் மூக்கு, தொண்டை, நுரையீரலோடு நின்றுவிடுகிறதாம். முட்டிக்கும் முதுகுக்கும் அது பொதுவாகப் போவதில்லை. அப்புறம் ஏன் அங்கே வலி? கிருமியை எதிர்க்க நம் உடம்பே சைட்டோகைன் என்ற ரசாயனங்களை ரத்தத்தில் விடுகிறது. வலியும் காய்ச்சலும் அவற்றின் வேலை. அதே ரசாயனங்கள் மூளைக்கும் சேதி சொல்கின்றன: சாப்பிடாதே, யாரோடும் பேசாதே, மூலையில் போய்ப் படு. நோய் கண்ட ஆடும் நாயும் செய்வது அதைத்தானே! 1988இல் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவ அறிஞர், இது பலவீனம் அல்ல, நோயை வெல்ல உடம்பு வகுத்த உத்தி என்று எழுதினார்.

இந்த ரசாயனங்கள் மனத்தையும் இருட்டாக்கும் என்பதற்கு ஒரு சாட்சியும் உண்டு. ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் ஊசி போடுவார்கள். அதுவும் சைட்டோகைன் வகைதான். ஊசி போட்டவர்களில் பலருக்கு முதலில் ஃபுளூ மாதிரி காய்ச்சல், பிறகு கடுமையான மனச்சோர்வு. குடும்பத்தில் சண்டையில்லை, கடன் தொல்லையில்லை. ஆனாலும் உலகம் இருண்டது.

என்னைப் போன்றவன் படுத்தால் வீட்டோடு போயிற்று. அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் 1919 ஏப்ரலில், முதல் உலகப் போரின் சமாதானப் பேச்சு நடந்த பாரிஸிலேயே காய்ச்சலில் விழுந்தார். எழுந்தவருக்கு வீட்டு வேலையாட்கள் எல்லாம் பிரெஞ்சு உளவாளிகள் என்று ஒரு சந்தேகம். நாற்காலி மேசைகளைப் பற்றியும் கவலை. அது ஃபுளூ மட்டும்தானா, மூளையில் வேறு கோளாறும் சேர்ந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் அதுவரை பிரான்ஸிடம் பிடிவாதமாக இருந்தவர், அதன்பின் பல விஷயங்களில் விட்டுக்கொடுத்தார். ஒரு காய்ச்சல் எங்கே வரை போகிறது பாருங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஆறாம் நாள் காலை, அடுப்படியிலிருந்து மிளகு ரசத்தின் வாசனை மூக்கில் ஏறியது. ஐந்து நாளாக எந்த மணமும் தெரியாத மூக்கு! அந்த நிமிஷம் எல்லாம் மாறிவிட்டது. மகன் பாசக்காரன், மனைவி தெய்வம், பாடம் நடத்தியதும் வீண் இல்லை. நண்பர் ஒருவர் மடக்கினார்: "அந்த இருட்டு ரசாயனம் என்றால், இந்த வெளிச்சமும் ரசாயனம்தானே?" இருக்கலாம். அதற்காக ரசத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

காய்ச்சலில் காலண்டர் தாளின் பின்பக்கம் நான்கு முடிவுகள் எழுதியிருந்தேன். வீட்டை விற்பது, அண்ணனோடு பேச்சை நிறுத்துவது, புத்தகங்களை எடைக்குப் போடுவது. தேறிய பிறகு படித்துச் சிரித்து, இந்த மூன்றையும் அடித்துவிட்டேன். நான்காவது, இந்த மன்றத்தின் செயலாளர் பொறுப்பை விடுவது. அதை மட்டும் காய்ச்சல் இறங்கி ஒரு வாரம் கழித்தும் படித்துப் பார்த்தேன், அப்போதும் சரியாகத்தான் பட்டது. மேடையில் இருப்பவர்களுக்கு நேற்றே கடிதம் கொடுத்தாயிற்று. உங்களுக்கு இப்போது சொல்கிறேன்.