ஐந்திணைக்கு வெளியே நின்றவர்கள்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் மயூர் விகாரிலிருந்தும் கரோல்பாகிலிருந்தும் ராமகிருஷ்ணபுரம் வந்து சேர்ந்திருக்கும் தில்லித் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம்.

காதலைச் சொன்ன இலக்கியமும் திரையும் சமூக அடையாளத்தைக் கடந்தனவா, காத்தனவா என்பது தலைப்பு. காத்தன என்பது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய அம்மையார், 'யாயும் ஞாயும் யாரா கியரோ', அதாவது என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யாரோ, என்ற குறுந்தொகையின் 40-ஆம் பாட்டைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன், பாட்டில் குறையில்லை. ஆனால் அந்தப் பாட்டு குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு வாசற்படி உண்டு. காதலைப் பாடும் அகப்பாடலில் 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று தொல்காப்பியம் விதிக்கிறது. காதலரின் பெயரைச் சொல்லக் கூடாது என்னும்போது, அடையாளத்தையே அழித்துவிட்டதாக நமக்குத் தோன்றும். அந்த விதி வரும் அதே அகத்திணையியல் என்ற பகுதிதான், 'அடியோர் பாங்கினும் வினைவலர் பாங்கினும் கடிவரை இல புறத்து' என்கிறது. அடிமைகளின் காதலையும் ஏவல் செய்வோரின் காதலையும் பாடலாம். ஆனால் குறிஞ்சி முதலாக ஒத்த காதலைப் பாடும் ஐந்திணைக்குப் புறத்தே, ஒருதலைக் காதலான கைக்கிளையிலும் பொருந்தாக் காதலான பெருந்திணையிலும் வைத்துப் பாட வேண்டும் என்று இளம்பூரணர் உரை விளக்குகிறது. பெயர்தான் மறைந்தது, ஐயா, நிலை மறையவில்லை. 'தலைவன்' என்ற சொல்லே அவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று காட்டிக்கொடுத்துவிடுகிறதே!

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். தீபா மேத்தாவின் 'ஃபயர்' திரைப்படக் கதை நடப்பது நம் தில்லியில். ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்த இரு பெண்கள் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். ஒருத்தி ராதா, மற்றொருத்தி சீதா. இந்தி வடிவத்தில் சீதா 'நீதா' ஆனாள். அப்படியும் ஆத்திரம் அடங்காமல், 1998 டிசம்பரில் கன்னாட் பிளேஸின் ரீகல் திரையரங்கைத் தாக்கினார்கள். (அந்த ரீகலும் 2017-இல் மூடப்பட்டுவிட்டது, அங்கே படம் பார்த்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள்.) காதலித்ததோடு, புனிதமான பெயரை வைத்துக்கொண்டு காதலித்ததும் அவள் குற்றமாயிற்று.

'சூப்பர் டீலக்ஸ்' திரைப்படம் வந்த பிறகுமா இப்படிப் பேசுகிறீர்கள் என்று எதிரணி கேட்கும். அப்பா திருநங்கையாகத் திரும்பி வந்தபோது தயங்காமல் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சிறுவனை நானும் கண்ணீரோடுதான் பார்த்தேன். ஆயினும் 2019-இல்கூட அந்த வேடம் போகவேண்டியிருந்தது ஓர் ஆண் நட்சத்திரத்திடம்தான். திருநங்கையான லிவிங் ஸ்மைல் வித்யா தம் வாழ்க்கையைத் தாமே எழுதியபோது, தலைப்பிலேயே 'நான் வித்யா' என்று பெயரைச் சொல்லித் தொடங்கினார். பெயரைச் சொல்லாமல் இருப்பது, சொல்லாமலே மதிக்கப்படுகிறவர்களுக்குக் கிடைத்த சலுகை. மற்றவர்கள் சொல்லித்தான் தீரவேண்டும்.

2018 செப்டம்பர் 6 அன்று, இதே ஊரில், ஒரே பாலினத்தைச் சேர்ந்த வயதுவந்த இருவர் மனமொத்துக் கூடுவது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட இரு பெண்களை இன்று ஒரு புலவர் பாட வந்தால், உங்கள் ஐந்திணையில் எந்தத் திணையில் இடம் கொடுப்பீர்கள்? நடுவர் மணியடித்துவிட்டார், எதிரணித் தலைவர் தம் முறை வரும்போது பதில் சொல்லட்டும்.